நகல் இல்லாத பூ

கடையில் பார்த்த ஃபலனாப்சிஸ் ஒன்று மனத்துக்குப் பிடித்துப்போனால், அதே நிறமும் அதே அளவும் இதழில் அதே கோடும் கொண்ட இன்னொன்றை அடுத்த வாரமும் வாங்கலாம், வேறு ஊரிலும் வாங்கலாம். ஒரே தாய்ச்செடியின் திசுவிலிருந்து ஆய்வகத்தில் ஆயிரக்கணக்கில் எடுக்கப்பட்ட பிரதிகள் அவை. 1960இல் பிரான்சில் ஜார்ஜ் மொரெல் என்ற ஆய்வாளர் சிம்பிடியம் ஆர்க்கிடின் குருத்து நுனியை வெட்டி வளர்த்துக் காட்டினார். அன்றிலிருந்து ஆர்க்கிட் உலகத்தின் கணக்கு மாறிவிட்டது. பணக்காரர்களின் கண்ணாடி வீடுகளுக்குள் இருந்த செடி, கல்யாண மேடைக்கும் அலுவலக வரவேற்பறைக்கும் வந்து சேர்ந்தது அந்த வழியாகத்தான்.

இதழ் ஒன்று செருப்பு போலப் பையாகக் குழிந்திருக்கும் ஸ்லிப்பர் ஆர்க்கிட் மட்டும் அந்த வழிக்கு வரவில்லை. பாஃபியோபெடிலம் என்ற அதன் ஆசியப் பேரினத்தைப் பிரதியெடுக்க எத்தனையோ பேர் முயன்றிருக்கிறார்கள். ஆய்வுக்கூடத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பலித்திருக்கிறது, வணிக அளவில் கைகூடவில்லை. ஆகவே, வளர்ப்பவர்கள் சுருக்கமாக 'பாஃப்' என்று சொல்லும் இந்தச் செடி நம் கைக்கு இரண்டே விதங்களில் வரும். ஒன்று, முன்பே பூத்த ஒரு செடியிலிருந்து பிரித்த துண்டு. மற்றது, விதையில் முளைத்த நாற்று. நாற்றாக வந்தால் அது இதுவரை உலகத்தில் இல்லாத ஒன்று. அதன் பெற்றோர் யார் என்று டேக்கில் எழுதியிருக்கும். அதன் பூ எப்படி இருக்கும் என்பது விற்றவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது.

இந்த ஒரு குணத்துக்காகத்தான் நான் பாஃப் வளர்க்கிறேன். அதிலும் உள்ளங்கையை விரித்தால் அதற்குள் அடங்கிவிடும் இலைக்கொத்தும் மூன்று அங்குலத் தொட்டியும் போதும் என்கிற குள்ளக் கலப்பினங்களை. கோயம்புத்தூரில் கிழக்குப் பார்த்த ஒரு ஜன்னல், அதற்கு ஒரு மெல்லிய திரை, மழைத் தண்ணீர் பிடித்துவைக்க ஒரு டிரம். இவ்வளவு இடத்தில் ஆசியாவின் பாதிச் சுண்ணாம்புக் குன்றுகளின் வம்சாவளி நிற்கிறது.

பாஃப் செடியின் உடலைப் புரிந்துகொள்ள நம்மூர்க்காரர்களுக்குப் புத்தகம் வேண்டியதில்லை, வாழை போதும். ஒரு வாழை ஒரு முறைதான் தார் விடும். தள்ளிய மரம் மறுபடி தள்ளாது. அதற்குள் பக்கத்தில் கன்று வந்துவிட்டிருக்கும், தாய் தன் சத்தைக் கன்றுக்குக் கொடுத்துவிட்டு மெல்லச் சாயும். பாஃபும் அப்படியே. இலைகள் இடமும் வலமுமாக அடுக்கி வந்து, ஒரு கட்டத்தில் நடுக்குருத்திலிருந்து பூந்தண்டு எழும். அந்தக் கொத்து பூத்ததோடு சரி, இன்னொரு பூந்தண்டு அதிலிருந்து வராது. அடியில் ஒரு முளை புறப்பட்டு, இலை விட்டு, வேர் விட்டு, வளர்ந்து முற்றினால் அடுத்த பூ. பூத்த கொத்து உடனே காய்ந்துவிடுவதில்லை. சில ஆண்டுகள் பச்சையாகவே நின்று புதியதற்கு உணவு கொடுத்துக்கொண்டிருக்கும். பூ முடிந்ததும் பழைய இலைகளைக் கத்தரித்துச் செடியை 'சுத்தம்' செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் வெட்டுவது அடுத்த பூவின் பால்.

ஒவ்வொரு கொத்தும் ஒரே முறை பூத்து ஓய்ந்தாலும் செடி என்ற ஆள் சாவதில்லை. இங்கிலாந்தில் 1900இல் சார்ல்ஸ்வொர்த் நிறுவனம் 'மோடியே' என்ற கலப்பினத்தைப் பதிவு செய்தது. தாய்லாந்துப் பக்கத்துக் கலோசமும் சரவாக்கின் லாரன்சியானமும் அதன் பெற்றோர். இரண்டிலும் சிவப்பு நிறமியே இல்லாத அபூர்வமான பச்சை வடிவங்களைத் தேடிச் சேர்த்திருந்தார்கள். பிறந்த பிள்ளைகள் வெள்ளையில் இளம்பச்சைக் கோடு ஓடிய பூக்கள். அவற்றுள் தேர்ந்தெடுத்த ஒன்றுக்கு 'மேக்னிஃபிகம்' என்று பெயர் வைத்தார்கள். அந்த ஒரே நாற்றைப் பிரித்துப் பிரித்து இன்றும் வளர்க்கிறார்கள். முதலில் பூத்த கொத்து எப்போதோ மண்ணாகியிருக்கும். ஆனாலும் இது அதே செடி. இரண்டு உலகப் போர்களைத் தாண்டி வந்த ஓர் உயிரின் துண்டு ஒரு சாதாரண ஜன்னலோரத்தில் இருக்க முடிகிறது.

குள்ளம் என்றதும், கலப்பு செய்பவர்கள் ஏதோ சூட்சுமத்தால் செடியைச் சுருக்கியிருக்கிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். போன்சாய் நினைவு அது. இங்கே அப்படி எதுவும் நடக்கவில்லை. சிறுமை காட்டிலிருந்தே வருகிறது. நிவியம் என்ற வெள்ளைப்பூ இனம் லங்காவித் தீவுகளின் சுண்ணாம்புப் பாறை வெடிப்புகளில், கடல் காற்றில் வாழ்வது. பெல்லாட்டுலம் பர்மா, தாய்லாந்துச் சுண்ணாம்புக் குன்றுகளில் பாசிக்கும் சருகுக்கும் இடையில். மைக்ராந்தம், ஆர்மேனியாக்கம் தென்மேற்குச் சீனத்தின் செங்குத்துச் சரிவுகளில். பாறை இடுக்கில் கைப்பிடிச் சருகுமண்தான் இருக்கும். அதில் பெரிய செடி நிலைக்காது. இலையைக் குறுக்கி, தடிமனாக்கி, பூவை மட்டும் விட்டுக்கொடுக்காமல் வைத்துக்கொண்டவை இவை. மைக்ராந்தத்தில் இலைக்கொத்தின் அகலத்தோடு பூவின் அளவை வைத்துப் பார்த்தால் நம்பவே முடியாது. இளஞ்சிவப்பில் ஊதிப் பெருத்த பை ஒன்று, கையளவு இலைக்கு மேல் தனித் தண்டில் நிற்கும்.

ஸ்லிப்பர் ஆர்க்கிட் கலப்பின் கதை 1869இல் தொடங்குகிறது. வீச் நிறுவனத்தின் தோட்டக்காரர் ஜான் டொமினி வளர்த்த 'ஹாரிசியானம்' அந்த ஆண்டு பூத்தது. ஆர்க்கிடில் கை வைத்து மகரந்தம் சேர்க்கலாம் என்று டொமினிக்கு யோசனை சொன்ன எக்ஸிடர் நகர அறுவை மருத்துவர் ஜான் ஹாரிஸின் பெயர் அதற்கு. அடுத்த முப்பது ஆண்டுகளில் பெல்லாட்டுலமும் நிவியமும் சேர்ந்த 'சைகி' போன்றவை வந்தன. வெள்ளைப் பூவில் சிவப்புப் பொடித்தூவல், குட்டையான தண்டு, வெப்பத்துக்கு அஞ்சாத குணம். சமவெளியில் வளர்க்க நினைப்பவர்களுக்கு இன்றும் நான் முதலில் சொல்வது இந்தக் குடும்பத்தைத்தான். சுமாத்ராவின் பிரிமுலினமும் ஜாவாவின் கிளாக்கோஃபில்லமும் பெற்ற 'பினோக்கியோ' இன்னொன்று. ஒரு மொட்டு விரிந்து விழுந்ததும் அதே தண்டின் நுனியில் அடுத்த மொட்டு. நன்றாக நிலைத்த செடியில் ஓராண்டு தாண்டியும் தண்டு காயாது.

பெரிய திருப்பம் 1980களில் வந்தது. ஆர்மேனியாக்கம் 1982இலும் மாலிபோயென்ஸ் 1984இலும் அறிவியல் பெயர் பெற்றன. 1951இலேயே பெயர் பெற்றுவிட்ட மைக்ராந்தமும் அப்போதுதான் சீனத்துக்கு வெளியே வந்தது. சுத்த மஞ்சள் பூ ஒன்று, ராஸ்பெரி மணம் வீசும் பச்சைப் பூ ஒன்று, ஊதிய ரோஜாநிறப் பை ஒன்று. அதுவரை பாஃப் என்றால் பெரும்பாலும் பழுப்பும் பச்சையும் கருஞ்சிவப்பும் என்றிருந்தவர்களுக்குப் புதிய வண்ணப்பெட்டி திறந்ததாயிற்று. 1990இல் கலிஃபோர்னியாவிலிருந்து மைக்ராந்தமும் டெலெனாட்டியும் சேர்ந்த 'மேஜிக் லேண்டர்ன்' பதிவானது. வீட்டில் வளர்க்கும் குள்ளக் கலப்பினங்களில் ஒன்றே ஒன்றைச் சொல் என்றால் இதைத்தான் சொல்வேன். மைக்ராந்தம் தனியாக இருந்தால் குளிர்ந்த, உலர்ந்த பனிக்காலம் கேட்டு அடம்பிடிக்கும், கோயம்புத்தூர் வெயிலில் வாடிப்போகும். டெலெனாட்டியின் ரத்தம் கலந்ததும் பிடிவாதம் பாதியாகக் குறைகிறது. இரு பெற்றோரிடமும் இல்லாத ஒரு துணிவு பிள்ளைக்கு வருவதை முதல் தலைமுறைக் கலப்பில் அடிக்கடி பார்க்கலாம்.

வளர்ப்பைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் வேரிலிருந்துதான் சொல்ல வேண்டும். டெண்ட்ரோபியத்துக்கும் கேட்லியாவுக்கும் தண்ணீர் சேமிக்கத் தடித்த தண்டு உண்டு. வாண்டாவுக்கு வெளியே தொங்கும் கனத்த வேர்கள் உண்டு. பாஃபுக்கு இரண்டும் இல்லை. இருப்பது ரோமம் படர்ந்த பழுப்பு வேர்கள், அதுவும் சில. ஒடித்தால் அதே இடத்தில் எளிதில் கிளைக்காது. அதனால் தொட்டி ஒருநாளும் எலும்பாகக் காயக்கூடாது, ஒருநாளும் சேறாக நிற்கவும் கூடாது. 'ஈரமாக வை, காற்றும் கொடு' என்று சொல்வது சுலபம். இரண்டையும் ஒரே தொட்டியில் தருவதுதான் இந்தச் செடி கற்றுத்தரும் கலை. நான் சிறிய பைன் பட்டை, கழுவிய அடுப்புக்கரி, பெர்லைட் மூன்றையும் கலக்கிறேன். பைன் பட்டை விலை கட்டாதவர்கள் தேங்காய் மட்டைத் துண்டு போடலாம். நம்மூரில் அதற்குக் குறைவில்லை. ஆனால் மட்டையில் உப்பு உண்டு, ஊறப்போட்டுப் பலமுறை அலசி எடுத்தால்தான் வேர் தாங்கும்.

தொட்டி எவ்வளவு சிறிதோ அவ்வளவு நல்லது. வேர்க்கொத்து எந்த அளவோ அந்த அளவுத் தொட்டிதான். பெரிய தொட்டியில் நடுக்கலவை உலராமல் புளிக்கும், புளித்த கலவையில் பாஃப் வேர் நிற்காது. ஆண்டுக்கு ஒரு முறை, அதிகம் போனால் இரண்டாண்டுக்கு ஒரு முறை, கலவையைக் கொட்டிப் புதிது போட வேண்டும். மற்ற ஆர்க்கிட்கள் இந்தத் தொந்தரவை விரும்புவதில்லை, பாஃப் விரும்புகிறது. மாற்றும்போது கவனிக்க வேண்டியது ஒன்று: புதுக்கொத்து எப்போதும் பழையதைவிடச் சற்று மேலே ஏறிப் பிறக்கும். அதன் அடி கலவைக்கு வெளியே நின்றால் வேர்முனை காற்றில் கருகும். செடியைச் சற்று ஆழமாக இறக்கி நட்டால் புது வேர் நேரே ஈரத்துக்குள் போகும். நான் பார்த்தவரை, பல ஆண்டுகள் பூக்காமல் நின்ற செடிகளில் பெரும்பாலானவற்றின் நோய் இதுதான். உரமும் வெளிச்சமும் மாற்றிப் பார்த்துக் களைத்துப்போவார்கள். குறை வேரில் இருக்கும்.

தண்ணீரில் கோவைக்காரர்களுக்கு ஒரு கொடுப்பினை. சிறுவாணித் தண்ணீர் உப்புக் குறைந்த மென்மையான தண்ணீர். நாக்குக்குத் தெரியும் அந்த இனிப்பு பாஃப் வேருக்கும் தெரிகிறது. போர்வெல் தண்ணீர் ஊற்றினால் சில மாதத்தில் இலைநுனி பழுத்துக் கருகும். உப்பு அதிகமானதை இலை எழுதிக் காட்டும் முறை அது. ஐப்பசி மழையைப் பிடித்து வைத்துக்கொண்டால் அதைவிட மேல். காலையில்தான் ஊற்ற வேண்டும், குருத்துக்குள் தேங்கும் தண்ணீர் சாயங்காலத்துக்குள் உலர வேண்டும். தேங்கி நின்றால் பாக்டீரியா அழுகல் ஓரிரவில் நடுக்குருத்தைக் கொண்டுபோகும், பழுப்பு நீர்க்கறையும் துர்நாற்றமும்தான் மிஞ்சும். ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று இந்த விஷயத்தில் ஒரு வைத்தியர். அந்தக் காற்று இல்லாத ஊர்களில் ஒரு சிறிய மின்விசிறி அந்த வேலையைச் செய்யும்.

சுண்ணாம்புப் பாறை இனங்களின் ரத்தம் உள்ளவற்றுக்குக் கொஞ்சம் கிளிஞ்சல் உடைத்துப் போடுவது நல்லது. உரம், பொட்டலத்தில் சொன்னதில் கால்பங்குக்கும் குறைவாக. வெளிச்சம், புத்தகம் படிக்கத் தாராளமாகப் போதுமான அளவு, மதிய வெயில் மட்டும் படக்கூடாது. இலை கரும்பச்சையாகத் துவண்டால் வெளிச்சம் போதவில்லை, மஞ்சளாக வெளிறினால் கூடிவிட்டது. அதற்கு மேல் இதில் ரகசியம் இல்லை.

எது நம் வெப்பத்துக்கு ஒத்துவரும் என்பதை இலையே சொல்லும். பச்சையும் சாம்பலுமாகத் திட்டுத் திட்டான இலை கொண்டவை பெரும்பாலும் வெப்பம் தாங்கும். ஒரே பச்சையில் பட்டையாக நீளும் இலை கொண்டவற்றில் பல, பூக்க இரவுக் குளிர் கேட்கும். விதிவிலக்குகள் உண்டு. பினோக்கியோவின் இலையில் திட்டு அவ்வளவாகத் தெரியாது, ஆனால் சமவெளியைச் சட்டை செய்யாது. கோவையின் மார்கழி, தை இரவுகள் திட்டிலைக் குடும்பத்துக்குப் போதுமானவை. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் இருப்பவர்கள் மற்றதையும் ஆசைப்படலாம்.

கொத்து முற்றியதும் நடுவில் உறை ஒன்று தெரியும். இலையைவிடச் சிறியது, மடிந்தது, நிறத்தில் கொஞ்சம் வேறுபட்டது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் உள்ளே மொட்டின் நிழல் தெரியலாம், தெரியாமலும் போகலாம். வெறும் உறையோடு நின்றுவிடும் செடிகளும் உண்டு. மொட்டு இருந்தாலும் அவசரப்படாது, உறை தெரிந்ததற்கும் பூ விரிவதற்கும் இடையே மாதங்கள் ஓடும். தண்டு எழும்போது தொட்டியைத் திருப்பி வைக்கக் கூடாது. மொட்டு வெளிச்சத்தைப் பார்த்து முகம் வைத்துக்கொள்ளும், திருப்பினால் கழுத்து கோணும். விரிந்த பூ ஒன்றரை, இரண்டு மாதம் நிற்கும். பிறகு வாடி வதங்காமல், ஒருநாள் முழுசாகக் கழன்று விழும். விழுந்த பூவைக் கையில் எடுத்தால் இன்னும் விறைப்பாகவே இருக்கும்.

அவ்வளவு நாள் நிற்பதற்குக் காரணம், அது காத்திருக்கிறது. மகரந்தம் சேர்ந்துவிட்டால் பூவுக்கு அதற்கு மேல் வேலை இல்லை, சுருங்கிவிடும். என் ஜன்னலில் அதைத் தேடி வர யாரும் இல்லை. காட்டில் அந்தப் பை ஓர் ஒருவழிப் பாதை. வழுவழுப்பான விளிம்பில் கால் வழுக்கி உள்ளே விழும் பூச்சி வந்த வழியே ஏறி வெளியேற முடியாது. பையின் பின்சுவரில் ரோமம் படிக்கட்டாக இருக்கும். அதைப் பிடித்து ஏறினால் முதலில் சூல்முடியின் அடியில் முதுகை உரசிக்கொண்டு போக வேண்டும், அதற்கு அப்புறம் இரண்டு பக்கத்திலும் உள்ள சிறிய வாசல்களில் ஒன்றின் வழியே மகரந்தத்தைப் பூசிக்கொண்டு வெளியேற வேண்டும். முந்தைய பூவில் பூசியதை அடுத்த பூவில் கொடுக்கும்படியாக வரிசை அமைந்திருக்கிறது. மற்ற ஆர்க்கிட்களில் பெரும்பாலானவற்றுக்கு வளமான மகரந்தப்பை ஒன்றுதான், இவற்றுக்கு இரண்டு. நடுவில் மூன்றாவது மலடாகி ஒரு கேடயமாக நிற்கிறது. பளபளக்கும் அந்தக் கேடயத்தை நம்பித்தான் பூச்சி வருகிறது.

இந்த வழியை டார்வின் முதலில் வேறு மாதிரிதான் நினைத்தார். 1862இல் வெளிவந்த ஆர்க்கிட் நூலில், பூச்சி வெளியே நின்று உறிஞ்சுகுழாயை நீட்டுகிறது என்று எழுதினார். அமெரிக்கத் தாவரவியலாளர் ஏசா கிரே, சிறிய பூச்சிகள் உள்ளேயே போய் வருகின்றன என்று சொன்னதும், டார்வின் அதைச் சோதிக்க ஒரு சிறிய தேனீயைப் பிடித்துப் பைக்குள் விட்டார். தேனீ முதலில் திணறி, பிறகு பின்வாசல் வழியே முதுகில் மகரந்தப் பசையோடு வெளியே வந்தது. 1877இல் வந்த இரண்டாம் பதிப்பில் திருத்தி எழுதினார். ஆசியக் காட்டில் இந்த வேலைக்கு வருவது பல இனங்களில் சிர்ஃபிட் ஈக்கள். அவற்றின் புழுக்கள் அசுவினியைத் தின்று வளர்பவை. இதழில் இருக்கும் கறுத்த மருக்களையும் ரோமங்களையும் அசுவினிக் கூட்டமாக ஈ எடுத்துக்கொள்கிறது என்று கருதுகிறார்கள். போர்னியோவின் ராத்சைல்டியானத்தின் கேடயத்தில் ஈ முட்டையே இட்டுச் சென்றது பதிவாகியிருக்கிறது. முட்டையிலிருந்து வெளிவரும் புழுவுக்கு அங்கே இரை கிடையாது. பூ தேன் கூடக் கொடுப்பதில்லை. மோடியேவின் இதழோரத்து மருக்களை வெறும் அலங்காரம் என்று பார்த்துவந்தவர்கள் இதைத் தெரிந்துகொண்ட பிறகு அப்படிப் பார்க்க முடியாது. யாரையோ நோக்கிப் பல லட்சம் ஆண்டுகளாக எழுதப்பட்டுவரும் கடிதம் அது. வந்து சேர்ந்த இடம் என் வீடு.

கலப்பினம் என்றால் இந்தக் கடிதத்தில் இரண்டு கையெழுத்துகள் கலந்திருக்கின்றன. ஒரே காயில் பிறந்த சகோதரர்களை அருகருகே வைத்துப் பார்க்கிறவர்களுக்கு இது புரியும். மேஜிக் லேண்டர்ன் நாற்றுகளில் ஒன்று வெளிறிய ரோஜா, ஒன்று ஆழ்ந்த சிவப்பு. ஒன்றில் மைக்ராந்தத்தின் வலைக்கோடு இதழ் முழுக்க, இன்னொன்றில் தேடினாலும் கிடைக்காது. ஒன்றின் பை உருண்டு திரளும், மற்றதில் டெலெனாட்டியின் அடக்கம். ஆர்க்கிட் விதை தூசி அளவு, உள்ளே உணவு இருப்பு கிடையாது. காட்டில் ஒரு பூஞ்சை துணைக்கு வந்தால்தான் முளைக்கும். அதை நோயெல் பெர்னார் 1899இல் கண்டறிந்தார். பூஞ்சைக்குப் பதில் சர்க்கரை கலந்த ஊடகத்தில் முளைக்க வைக்கலாம் என்று 1922இல் லூயிஸ் நட்சன் காட்டினார். கண்ணாடிக் குப்பியில் முளைத்து, குப்பியிலிருந்து தட்டுக்கு வந்து, தட்டிலிருந்து தொட்டிக்கு வந்து பூக்க ஒரு பாஃபுக்கு நான்கைந்து ஆண்டு, சிலவற்றுக்கு அதற்கும் மேல். கடையில் பூக்காத நாற்றை வாங்குகிறவர் அந்த நீண்ட வரிசையின் கடைசி ஆளாகச் சேர்ந்துகொள்கிறார். முதல் பூவைப் பார்க்கும் முதல் மனிதராகவும் ஆகிறார்.

கண்காட்சிகளில் பாஃபுக்கு ஓர் அளவுகோல் உண்டு: பூ வட்டமாக, தட்டையாக, கனமாக இருக்க வேண்டும். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அந்தத் திசையில் கலந்து கலந்து, மேல் மடல் முழுவட்டமாகவும் இதழ்கள் இடைவெளியே இல்லாமலும் உள்ள பெரும்பூக்களை உண்டாக்கியிருக்கிறார்கள். அந்த உழைப்பை மதிக்கிறேன். ஆனால் அவற்றின் முன் நின்றால் எனக்கு எந்த மலையும் எந்தப் பாறையும் தெரிவதில்லை. குள்ள வகைகளில், அதுவும் இரண்டே இனங்களின் நேர்க்கலப்பில், ஊர் தெரிகிறது. இந்தப் புள்ளி பெல்லாட்டுலத்துடையது, இந்த வெண்மை நிவியத்துடையது என்று விரல் வைத்துச் சொல்லலாம்.

ஊர் தெரியும் என்பதாலேயே ஒரு துக்கமும் சேர்ந்து தெரிகிறது. டெலெனாட்டி 1924இல் பெயர் பெற்ற வியட்நாம் இனம். பிறகு காட்டில் அது எங்கே இருக்கிறது என்பதே வெளியே தெரியாமல் போயிற்று. பிரான்சின் வாஷ்ரோ லெகூஃப்ள் பண்ணையில் பிழைத்திருந்த ஒரே செடியைத் தன் மகரந்தத்தாலேயே காய்க்க வைத்து, அதன் சந்ததியைத்தான் பல பத்தாண்டுகள் உலகம் முழுக்க வளர்த்தார்கள். ஒரே செடி! 1990களின் தொடக்கத்தில் வியட்நாமில் அதன் காட்டிடம் மறுபடி தெரியவந்தது. தெரிந்த மறுகணம் மூட்டை மூட்டையாகப் பிடுங்கி எடைக்கு விற்றார்கள். 1999இல் பெயர் பெற்ற வியட்நாமென்ஸ் அதைவிடச் சிறிய கதை. பெயர் அச்சான சில ஆண்டுகளுக்குள் அதன் குன்றுகளிலிருந்து அநேகமாக முழுவதும் துடைத்தெடுக்கப்பட்டுவிட்டது. காட்டிலிருந்து எடுத்த பாஃபியோபெடிலம் இனங்கள் அனைத்தின் பன்னாட்டு வணிகத்தையும் தடுக்கும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியல் 1990இலிருந்து நடப்பில் இருந்தும் இது நடந்தது.

இந்தக் கதை வெளிநாட்டில் மட்டும் இல்லை. இந்தியாவின் பாஃப் இனங்கள் எல்லாம் வடகிழக்கு மலைகளில் இருக்க, ஒன்றே ஒன்று மட்டும் அவற்றிலிருந்து 2000 கிலோமீட்டருக்கும் அப்பால், மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில், அகத்தியமலைப் பகுதியில் வாழ்கிறது. உலகத்தில் வேறெங்கும் இல்லை. கர்னல் ஹீபர் ட்ரூரியின் பெயரால் அது ட்ரூரியை. சென்னை மாகாண வனத்துறையில் இருந்த பெட்டோம் 19ஆம் நூற்றாண்டில் அதைப் படத்தோடு வெளியிட்டார். பொன்மஞ்சள் பூ, ஒவ்வொரு இதழின் நடுவிலும் ஒரு கரும்பழுப்புக் கோடு. புல்வெளி ஓரத்துப் பாறைச் சரிவில், வெயிலையும் மூடுபனியையும் மாறி மாறி வாங்கிக்கொண்டு, சிறிய கொத்துகளாகப் படரும். குள்ளம் என்ற சொல்லுக்கு முழுத் தகுதி உடையது. நூறாண்டுக்கும் மேலாகச் சேகரிப்பாளர்களால் குறைந்து, இன்று அழிவின் விளிம்பில் உள்ளவற்றின் பட்டியலில் இருக்கிறது. காட்டிலிருந்து அதை எடுப்பது 1972ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கேரளத்தின் பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனத்தில் அதன் விதையை ஆய்வகத்தில் முளைக்க வைத்து, நாற்றைக் காட்டுக்கே திருப்பி நட்டிருக்கிறார்கள். இந்தத் துறையில் தென்னகம் செய்த வேலைகளுள் எனக்கு மிகப் பெரிதாகப் படுவது அது.

அதற்கு அடுத்த படி ஒன்று இருக்கிறது, அதை எடுத்தே ஆக வேண்டும் என்று நினைக்கிறேன். காட்டுக்குத் திரும்பியதுபோக மிஞ்சும் நாற்றுகளை, ஆய்வகத்தில் பிறந்ததற்கான சான்றோடு, வளர்ப்பவர்களுக்குக் கொடுக்க வேண்டும். ட்ரூரியையை நிவியத்தோடும் மற்றக் குள்ள இனங்களோடும் கலந்து, நம் வெப்பத்துக்கு ஏற்ற பிள்ளைகளை உருவாக்கிச் சட்டப்படி விற்க வேண்டும். டெலெனாட்டிக்கு ஒருகாலத்தில் அந்த ஒரு பிரெஞ்சுச் செடிதான் புகலிடமாக இருந்தது. விதை நாற்று மலிவாகக் கிடைக்கும் செடிக்காக மலையேறிப் பிடுங்குவதில் லாபம் குறைந்துபோகும். ஆசையைத் தடையால் மட்டும் அணைக்க முடியாது. ஆசைக்கு நேர்மையான வழி ஒன்று திறந்திருக்க வேண்டும்.

ஆகவே பாஃப் வாங்கப் போகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது: டேக்கைப் படியுங்கள். பெற்றோர் இருவர் பெயரும் இருக்கிறதா, விதையில் வளர்த்ததா, பிரித்த துண்டு என்றால் யாருடைய செடியிலிருந்து என்று கேளுங்கள். வேரில் காட்டுப் பாசியும் பாறைமண்ணும் ஒட்டியிருந்தால், இலைகள் பல வயதில் கிழிந்து தழும்பேறியிருந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் தொட்டியைக் கீழே வைத்துவிடுங்கள். அகத்தியமலையின் ட்ரூரியை என் ஜன்னலில் இல்லை, காட்டிலிருந்து வந்ததாக ஒருபோதும் இருக்காது. அதன் மஞ்சளும் அந்தக் கரும்பழுப்புக் கோடும் கொண்ட ஒரு கலப்பின நாற்று, ஆய்வகத்தின் பெயரும் விதைத்த ஆண்டும் எழுதிய டேக்கோடு விற்பனைக்கு வரும் நாளில், பூக்காததாகவே பார்த்து ஒன்று வாங்குவேன்.